சமரசம் என்றால் பாதியா?

"சமரசம்னு போனா பாதி போச்சுல்லா!" கடையம் பக்கத்தில் வரப்புத் தகராறோ பாகப்பிரிவினையோ வந்தால் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. நியாயம் உள்ளவன் கோர்ட்டுக்குப் போவான், வலுவில்லாதவன் சமரசத்துக்கு இறங்குவான் என்று நம்புகிறோம். பல குடும்பங்களை அழித்த நம்பிக்கை இது.

உண்மையில் பாதியாக வெட்டுவது கோர்ட்டுதான். பாகவழக்கில் கமிஷனர் வந்து அளப்பார். பிரிக்க முடியாத வீட்டை ஏலத்துக்கு விடச் சட்டமே இடம் தருகிறது. கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர், அம்மா யார் வீட்டில் இருப்பாள், தம்பிக்குத் தரவேண்டிய பணத்தை அறுவடைக்கு அறுவடை தவணையாகக் கொடுக்கலாமா என்பதையெல்லாம் தீர்ப்பில் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. இவற்றைச் சமரச மேசையில் பேசி எழுதிக்கொள்ளலாம்.

கோர்ட்டில் ஜெயித்தவன் கதையையும் பார்த்துவிடுவோம். முதல் தீர்ப்புக்கு மேல் அப்பீல். அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரண்டாம் அப்பீல். பிறகு நிறைவேற்று மனு, அமீனா. வழக்குப் போட்டவர் காலமாகி, வாரிசுகளைச் சேர்க்க மனுப் போடுவது எந்தக் கோர்ட்டிலும் அன்றாட நிகழ்ச்சி. ராமநதித் தண்ணீர் பாயும் வயல் தடையாணையால் தரிசாகக் கிடந்தால், இழந்த போகங்களின் நெல்லை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

"எழுதிக் கொடுத்த காகிதம் செல்லுமா?" என்று கேட்கிறார்கள். செல்லும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒப்பிப் பதிவாகும் முடிவு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம்; அதன்மேல் அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்தவர்களுக்கும் அது உண்டு என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதி செய்தது. வழக்குப் போடும் முன்பே வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் கட்டணமின்றி மனுக் கொடுக்கலாம். ஒத்துவரவில்லையா, எழுந்து வந்துவிடலாம். உங்கள் உரிமை அப்படியே இருக்கும். கோர்ட்டின் சமரச மையத்தில் பேசியதை எதிரி கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது.

சமரசத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களே சிவில் தகராறைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கும் கட்சிக்காரர் வீட்டுக்கும் ஓடுகிறார்கள் என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. அங்கே மிரட்டி வாங்கும் கையெழுத்துக்கு டிக்ரியின் பலம் ஏது? எழுந்து வரத்தான் விடுவார்களா?

சமரசத்திலும் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. அண்ணன் தம்பிகள் திண்ணையிலேயே பேசி முடித்துவிட்டு, "உனக்குத்தான் நகை போட்டாச்சே" என்று தங்கையைக் கையெழுத்துக்கு மட்டும் கூட்டி வருவார்கள். இந்துக் குடும்பத்தில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் சட்டம் செய்தன. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் பெறும் உரிமையும் உண்டு. அவளிடம் தனியாகப் பேசாமல் முடிக்கும் எந்தச் சமரசத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே கேட்கிறேன்: கடையம் ஒன்றிய அலுவலகத்திலேயே மாதம் ஒருநாள் சமரச அமர்வு நடக்கட்டும். பெண்களுக்கான அந்த இலவச வக்கீல், அண்ணன் தம்பிகள் வருவதற்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருக்கட்டும்.