ரப்பர் புஷ்ஷின் பெருமை

மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு வீட்டில் ஒரு மரியாதை உண்டு, டயருக்கும் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியின் உடலோடு சேருமிடத்தில் அடங்கி உட்கார்ந்திருக்கும் ரப்பர் புஷ்ஷை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இரு பங்காளிகளுக்கு நடுவே நியாயம் பேசப் போனவரைப் போல, இரும்புக்கும் இரும்புக்கும் இடையில் நின்று இருபுறத்து அடியையும் வாங்கிக் கொள்வதே அதன் உத்தியோகம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்திரா தரிசனத்துக்கும் குடும்பத்தோடு காரில் புறப்படுகிறவர்கள் பலர். வேகத் தடையில் ஏறி இறங்கும்போது ‘டொக்’கென்று சப்தம் கேட்டாலும், டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தாலும் முதலில் புஷ்ஷைச் சோதிக்க வேண்டும். ரப்பர் கிழிந்திருந்தால், பிரேக்கை அழுத்தும் தருணத்தில் சக்கரம் நிலை விலகி, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பின் ஆசனத்தில் குழந்தைகள் இருக்கும் வண்டிக்கு இது விளையாட்டுக் காரியமல்ல.

சரி, எதை வாங்குவது? ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடு காட்டினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்ட பாலியூரிதேனிலும் இன்று புஷ் கிடைக்கிறது. அது கடினமானது, எண்ணெய்க்கு அஞ்சாது, பந்தய வண்டிக்குப் பொருத்தம். ஆனால் சாலையின் அதிர்ச்சியை நேரே முதுகுக்கு அனுப்பிவிடும். பாட்டியுடன் கோயிலுக்குப் போகும் வண்டிக்கு ரப்பரே உசிதம். அதன் மீது எண்ணெய் படாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

சீமைச் சரக்கென்றால் மேல் என்ற பழைய மயக்கம் வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் மரம் பால் சுரக்கிறது. நல்ல புஷ் செய்யும் ஆலைகளும் நம் நாட்டிலேயே உள்ளன. அதற்காகச் சுதேசி என்ற பெயர் போலிச் சரக்குக்குப் போர்வையாகி விடலாகாது. மலிவான போலி சீக்கிரமே கிழியும். கழற்றி மாட்டும் கூலியை மறுபடியும் அழ வேண்டும். வண்டியின் மாடலும் வருஷமும் சொல்லி, பாக எண்ணைச் சரிபார்த்து, ரசீதுடன் வாங்குவதே புத்திசாலித்தனம். ஒரு பக்கம் போயிருந்தாலும் இரு பக்கமும் மாற்றுவது நலம்.

கடலூரின் உப்புக் காற்றில் புஷ்ஷின் இரும்பு உறை துருவேறிப் பிடித்துக் கொள்ளும். அதைச் சுத்தியால் அடித்துக் கழற்றினால் கை வளையக் கூடும். பிரஸ்ஸில் வைத்து அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தூக்கிய திருவடி தில்லை நடராஜப் பெருமானுக்கு அழகு, காருக்கு அழகல்ல. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக் கொண்டு விரைவில் கிழியும். நாலு சக்கரத்திலும் பாரம் ஊன்றிய பிறகே இறுக்க வேண்டும். அதன்பின் சக்கரங்களின் அலைன்மெண்ட் சரிபார்த்து விட்டுப் புறப்படுங்கள்.