சித்தப்பாவின் சாம்பார்க் கணக்கு

"ஏண்டா, நீ பி.காம்.தானே?"

சித்தப்பா இப்படி ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பதினைந்து வருஷத்துக்கு முன் வாங்கின டிகிரிக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மின்வாரியத்தில் ரிடையரான சித்தப்பாவிடம் ஒரு கம்பெனியின் ஷேர் 500 இருக்கிறது. (பெயர் வேண்டாம், வம்பு!) போன வருஷம் அந்தக் கம்பெனி ரைட்ஸ் இஷ்யூ அறிவித்தது. மார்க்கெட்டில் 100 ரூபாய்க்குப் போகும் ஷேர், பழைய பங்குதாரருக்கு 60 ரூபாய். நாலு வைத்திருந்தால் ஒன்று. ஆக, சித்தப்பாவுக்கு 125 ஷேர். கட்ட வேண்டியது 7,500 ரூபாய்.

அந்த மாசம் பார்த்து அவருக்குக் கண் ஆபரேஷன். "பணம் கட்டாட்டா ஏதாவது ஆகுமாடா?" என்றார்.

"ஒண்ணும் ஆகாது சித்தப்பா. சும்மா விட்டுடுங்க!" என்றேன், பெரிய ஆடிட்டர் தோரணையில்.

ஷேர் விலை 92க்கு வந்து உட்கார்ந்தது. சித்தப்பாவின் 50,000 ரூபாய், 46,000 ஆயிற்று!

"ரைட்ஸுன்னாலே பழைய ஆளுக்கு நஷ்டம்தாண்டா. பந்திக்கு ஆள் ஜாஸ்தியானா சாம்பார்ல தண்ணி விடற கதை!"

வீட்டுக்கு வந்து பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கம்பெனி வெறும் தண்ணீர் விடவில்லை. கொஞ்சம் பருப்பும் போடச் சொல்கிறது. பழைய ஷேர் நாலு, 400 ரூபாய். புதுசு ஒன்று, 60 ரூபாய். மொத்தம் 460. ஐந்தால் வகுத்தால் 92. யாரும் திருடவில்லை, வெறும் வகுத்தல் கணக்கு!

பணம் கட்டியிருந்தால்? 625 ஷேர், தலா 92 ரூபாய்: 57,500. பழைய 50,000, கட்டின 7,500. பைசா நஷ்டமில்லை.

கட்டப் பணம் இல்லையா? உரிமையையே விற்றிருக்கலாம். 92 ரூபாய்ச் சரக்கை 60க்கு வாங்கும் உரிமைக்கு ஏறக்குறைய 32 ரூபாய் கிடைக்கும். 125 உரிமைக்கு 4,000. குறைந்ததும் அதே 4,000தான்!

ஆக, மாட்டிக்கொள்பவர் மூன்றாவது ரகம்: கட்டவும் மாட்டார், விற்கவும் மாட்டார். அவர் விட்ட ஷேரைக் கூடுதலாகக் கேட்டு விண்ணப்பித்தவர்கள் 60 ரூபாய்க்கு அள்ளிக்கொண்டு போவார்கள்.

2020 முதல் செபி இதைச் சுலபமாக்கியிருக்கிறது. உரிமை உங்கள் டீமேட் கணக்கில் தனியாக வந்து விழும். ஷேர் மாதிரியே எக்ஸ்சேஞ்சில் விற்கலாம். ஆனால் இஷ்யூ முடியச் சில நாள் முன்பே அந்த வியாபாரம் நின்றுவிடும். கெடு தாண்டினால் உரிமை காலாவதி!

எல்லா ரைட்ஸிலும் அடி ஒரே மாதிரி விழாது. 2020 மே, ஜூனில் ரிலையன்ஸ் 53,124 கோடி ரூபாய்க்கு ரைட்ஸ் போட்டது. 15க்கு 1, விலை 1,257. அறிவித்த சமயம் மார்க்கெட் விலை சுமார் 1,467. நம் வகுத்தல்படி இறங்க வேண்டியது 13 ரூபாய். ஒரு சதவீதம்கூட இல்லை. சித்தப்பா கம்பெனியில் எட்டு சதவீதம். சலுகையும் புது ஷேரும் கூடக் கூட, சும்மா இருப்பவருக்கு அடி பலம்.

உரிமையைச் சரியாகப் பயன்படுத்தினாலும் ஒரு கேள்வி பாக்கி. வாங்கின பருப்பைக் கம்பெனி என்ன செய்கிறது? தொழிலில் போட்டு நல்ல லாபம் பார்த்தால் சரி. ஓட்டைப் பானையில் கொட்டினால் லாபம் அப்படியே நிற்கும். பங்கு போட ஷேர் மட்டும் கூடியிருக்கும். நிஜமான நஷ்டம் அங்கேதான்.

மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்போ சாம்பார்ல தண்ணி விட்டது கம்பெனி இல்லே... நீ!"

இப்போதெல்லாம் தன் செல்லுக்கு வரும் எஸ்.எம்.எஸ். அத்தனையையும் எனக்கு அனுப்பிவிடுகிறார். நேற்று வந்தது, கேஸ் சிலிண்டர் புக்கிங்!