வாக்களிக்க வராதவர்கள் சோம்பேறிகளா?

"அமெரிக்க மக்கள் படித்தவர்கள், வசதி மிக்கவர்கள். ஆயினும் அவர்களில் பலர் வாக்களிப்பதில்லை. இது சோம்பல் அன்றி வேறென்ன?" என்று எங்கள் வகுப்புப் பட்டிமன்றத்தில் தோழி ஒருத்தி முழங்கினாள். எல்லோரும் கைதட்டினோம். நான் அவசரப்பட்டுத் தட்டிவிட்டேன் என்று இப்போது எண்ணுகிறேன்.

2020ஆம் ஆண்டு நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில், வாக்களிக்கத் தகுதி பெற்றோருள் நூற்றுக்குச் சுமார் 66 பேர் வாக்களித்தனர். 1900க்குப் பின் இதுவே மிக உயர்ந்த அளவு. அப்போதும் மூவரில் ஒருவர் வரவில்லை. ஏன்?

முதற்காரணம், தேர்தல் நாள். நவம்பர் மாதத்து முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயன்று தேர்தல் நடைபெற வேண்டும் என்பது 1845இல் இயற்றப்பட்ட சட்டம். அன்று மக்களுள் பெரும்பாலோர் உழவர். ஞாயிறு ஆலய வழிபாட்டு நாள்; திங்களன்று குதிரை வண்டியில் புறப்பட்டால் செவ்வாயன்று வாக்களிக்கலாம். குதிரை வண்டிகள் மறைந்தன. செவ்வாய் மட்டும் மாறவில்லை. பல மாநிலங்களில் அன்று விடுமுறை கிடையாது. முன்கூட்டியோ அஞ்சலிலோ வாக்களிக்கப் பல மாநிலங்களில் வழியுண்டு என்றாலும், விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. கூலிவேலை செய்யும் தாய் ஒருத்தி, வேலையை விட்டு வரிசையில் நிற்பது எளிதா?

இரண்டாவது, பெயர்ப்பதிவு. பல மாநிலங்களில் மக்கள் தாமே முயன்று பதிய வேண்டும். சிலவற்றில் தேர்தலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே பதிவு முடிந்துவிடும்.

மூன்றாவது, தேர்வாளர் முறை. மொத்தத் தேர்வாளர் 538 பேர்; 270 பேரைப் பெறுபவரே தலைவர். 48 மாநிலங்களில், அதிக வாக்குப் பெற்றவருக்கே அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் சேர்வர். எனவே வேட்பாளர்கள் பென்சில்வேனியா போன்ற இழுபறி மாநிலங்களையே சுற்றி வருகின்றனர். 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். "என் ஒரு வாக்கால் என்ன பயன்?" என்ற சோர்வு எழுவது இயல்பே.

ஆனால் அந்தச் சோர்வுக்கு இடங்கொடுத்தல் தவறு. 2000இல் புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகளே வெற்றியைத் தீர்மானித்தன. அதுவே நாட்டின் தலைவரையும் தீர்மானித்தது.

மின்னசோட்டா மாநிலத்தில் 1970களிலிருந்தே தேர்தல் நாளன்றும் பெயரைப் பதியலாம். 2020இல் அங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் வாக்களித்தனர். அம்மக்களின் ஆர்வமும் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் கதவு திறந்திருந்தால் வருவோர் பெருகுவர் என்பதே என் கருத்து.

தோழியரே, ஒருவர் வரவில்லையெனில் உடனே அவரைப் பழிக்க வேண்டாம். அவர் வழியில் கல் ஏதும் கிடக்கிறதா என்று முதலில் பார்ப்போம். கல்லை அகற்றிய பின்னும் வராதவரை வேண்டுமானால் சோம்பேறி என்போம். அடுத்த பட்டிமன்றத்தில் நான் எதிரணியில் பேசப் போகிறேன்!

— மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு