உட்காருவது குற்றமா?

ஜவுளிக் கடைக்குள் நுழைகிறோம். “வாங்கம்மா, வாங்கய்யா, உட்காருங்க!” என்று வரவேற்பு. நமக்கு நாற்காலி, தலைக்கு மேலே விசிறி, பெரிய கடையானால் குடிக்கக் குளிர்பானமும் வரும். ஆனால், நம்மை உட்காரச் சொன்ன அந்தத் தங்கை உட்காரவில்லை. காலையில் கடை திறந்தபோது நின்றவள். இரவு கதவை இழுத்துச் சாத்தும் வரை நிற்கப் போகிறவள். சுவரில் சாய்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார். பலகையில் ஒரு நிமிடம் அமர்ந்தால் காமிரா காட்டிக் கொடுக்கும். மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்தம் விழும். இதற்குப் பெயர் கடை ஒழுங்காம்!

நாம் கேட்கிறோம்: அவள் நிற்பதால் முதலாளிக்கு என்ன இலாபம்? சற்று உட்கார்ந்து எழுந்தால் ஒரு சேலை குறைவாக விற்குமா? பிற்பகல் மூன்று மணிக்குக் கடையில் ஈ ஓட்டுகிறார்கள். அந்த ஈயையும் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும் என்பது விதி!

“வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை” என்பார்கள். நமது பழைய ஜவுளிக் கடைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரித்த மெத்தை; அதில் வாங்க வந்தவரும் உட்காருவார், விற்கும் கணக்குப்பிள்ளையும் உட்காருவார்; நடுவே புடவை விரியும். எத்தனையோ கல்யாணங்களுக்கு அப்படித்தான் துணி எடுத்தார்கள். மரியாதை குறைந்துவிட்டதென்று எந்தச் சம்பந்தியும் சண்டைக்கு வரவில்லை. ஜெர்மனியில் பலசரக்குக் கடைக் காசாளர்கள் இன்றும் நாற்காலியில் அமர்ந்தே பணம் வாங்குகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? இதே கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் முதலாளி நிற்கிறாரா? அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு எந்த வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்?

ஆகவே, வியாபாரத்துக்கும் இந்த விதிக்கும் சம்பந்தமே கிடையாது. இங்கே நிறுத்தி வைப்பவர் யார், நிற்க வேண்டியவர் யார் என்று நாள் முழுதும் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக ஏற்பட்ட விதி இது.

அந்த நினைவூட்டலுக்கு விலை கொடுப்பது தொழிலாளியின் கால். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஆடாமல் அசையாமல் நின்றால் தள்ளுவதற்கு ஆளில்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது. பாதம் வீங்குகிறது, நரம்பு சுருண்டு புடைக்கிறது, இடுப்பு விட்டுப் போகிறது. பெண்களுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. கழிப்பறைக்குப் போக ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமே என்று, தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் பொழுதைத் தள்ளுகிறார்கள்.

புதிதாக எதையோ கேட்டு விட்டதாக முதலாளிமார் பதற வேண்டாம். பிரிட்டனில் மூன்று பெண் சிப்பந்திகளுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு, நின்று வேலை செய்வோருக்கு, ஓய்வு வாய்க்கும் போதெல்லாம் உட்கார வசதி வேண்டும் என்று விதித்தது. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது கடைச் சிப்பந்திக்குக் கிடைக்கவில்லை. ஆலையில் சங்கம் இருந்தது, கடையில் இல்லை. வேறென்ன காரணம்?

கடையிலும் குரல் எழுந்தது, கோழிக்கோட்டில். மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியான விஜியும் தோழியரும் ‘பெண்கூட்டு’ என்று ஒன்று சேர்ந்தார்கள். முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். ‘இரிக்கல் சமரம்’ என்றே அதற்குப் பெயர். கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஆலைக்கு வந்து 73 ஆண்டுகள் கழித்துக் கடைக்கு வந்து சேர்ந்தது ஒரு முக்காலி!

வந்து சேர்ந்ததா? நாம் போன ஒரு கடையில் முக்காலி இருந்தது. அதன்மேல் துணிக்கட்டு உட்கார்ந்திருந்தது. இன்னொரு கடையில் ஆறு பேருக்கு ஒன்று. எல்லாச் சிப்பந்திகளுக்கும் என்றல்லவா சட்டம் சொல்கிறது! ஆள் இல்லாத நேரம்தானே, “உட்காரலாமே, அம்மா” என்றோம். அந்தப் பெண் முதலில் மேலே காமிராவைப் பார்த்தாள். பிறகு, “பரவாயில்லைங்க” என்றாள்.

பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகும் தோழர்கள் விலைச் சீட்டைப் பார்க்குமுன் முக்காலிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒற்றைப் பெண் முறையிட்டால் மறுநாள் அவளுக்கு வேலை இராது. எழுதிப் போட வேண்டியது சங்கம். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதும்போது கடையின் பெயர், தெரு, வேலை செய்வோர் எத்தனை பேர், இருக்கை எத்தனை என்பதைத் தவறாமல் குறியுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.