வரிகளைக் கண்ணால் கண்டதுண்டா?



இரட்டைப் பிளவுச் சோதனையில் பட்டை அகலத்துக்குச் சூத்திரம் என்னவென்று கேட்டால் பிளஸ் டூ மாணவர் பலர் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவார்கள். "அந்தப் பட்டைகளைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டால் விழிப்பார்கள். குற்றம் அவர்களுடையதன்று. சூத்திரத்துக்கு மதிப்பெண் உண்டு, பார்த்ததற்கு இல்லை. இந்த முறை மாற வேண்டும் என்பது என் கருத்து.

"கருவிக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். 1803-இல் தாமஸ் யங்கிடம் என்ன இருந்தது? துளை வழியே வந்த சூரிய ஒளியும், அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டும்தான். அட்டையின் நிழலுக்குள் வரிகள் தோன்றின. ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் அவை மறைந்தன!

மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போனால், மெரினா எதிரே மாநிலக் கல்லூரி நிற்கிறது. அங்கே படித்த சி. வி. ராமன், முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டபோது இருபுறமும் பட்டைகள் சமமாக இல்லாததைக் கவனித்தார். 1906 நவம்பரில், 18 வயதில், அதுவே அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையாயிற்று. சாதாரணக் கல்லூரிக் கருவிதான், கண்தான் சாதாரணமானதல்ல.

நீங்களும் செய்து பாருங்கள். கண்ணாடித் துண்டை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படிய வையுங்கள். ஆறியதும், இரண்டு சவர பிளேடுகளை ஒட்டிப் பிடித்து, ஆசிரியர் துணையோடு ஒரே கீறல் கீறுங்கள். சுமார் 0.1 மி.மீ. இடைவெளியில் இரு கோடுகள் கிடைக்கும். சிவப்பு லேசர் விளக்கின் ஒளியை அதன் வழியே 2 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விழச் செய்யுங்கள். ஒளியை யார் கண்ணிலும் படவிடக் கூடாது.

முகடும் முகடும் சேருமிடத்தில் வெளிச்சம். முகடும் அகடும் சேருமிடத்தில் இருள். அலைநீளம் 650 நானோமீட்டரானால், அதைத் திரையின் தூரத்தால் பெருக்கிக் கோடுகளின் இடைவெளியால் வகுங்கள்: 13 மி.மீ. சுவரில் அளவுகோலை வைத்துச் சரிபாருங்கள்.

பக்கத்தில் ஒற்றைக் கோடும் கீறிப் பாருங்கள். அந்த நெருக்கமான வரிகள் இரா. இன்னொரு வழியாகவும் ஒளி வந்தால் சில இடங்கள் இருண்டுவிடுகின்றன! இந்த வியப்பை எந்த நோட்டுப் புத்தகத்திலிருந்தும் காப்பியடிக்க முடியாது.

சூத்திரம் மறந்து போகலாம். கண்ட காட்சி மறக்காது. அடுத்த செய்முறை வகுப்பில் ஆசிரியரிடம் கேளுங்கள்: "ஐயா, வரிகளைப் பார்க்கலாமா?"