வகீலும் கொடியும்

சுயேச்சைக்கு இட்ட வாக்குக் கடலில் கரைத்த பெருங்காயம் என்று சொல்லுவோர் நம்மிடையே பலர் உளர். கொடியில்லாதவன் ஒன்று தோற்பான், அன்றேல் வென்ற மறுநாளே விலைபோவான் என்பது அவர்களது முடிவு. இம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மேயராயிருந்து சட்டமன்றம் புகுந்த கிரெக் பைப்பர் என்பாரின் பொதுவாழ்வை இதற்குச் சான்றாக வைக்கின்றோம். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். அமானிதத்தை அளந்து பார்க்க அவை தடையாகா.

சிட்னிக்கு வடக்கே, நியூகாசில் நகரை அடுத்து, லேக் மக்குவாரி என்னும் பெரிய உப்பு நீர் ஏரி உள்ளது. ஏரியைச் சூழ்ந்த ஊர்கள் நிலக்கரிச் சுரங்கத்தாலும் அனல் மின்நிலையத்தாலும் வாழ்ந்தவை. தொழிலாளர் மிகுந்த இத்தொகுதி 1950-ஆம் ஆண்டு முதல் தொழிற்கட்சியின் கையை விட்டு அகலவில்லை. 1969 முதல் 1991 வரை மெர்வ் ஹண்டர் உறுப்பினர். அவருக்குப் பின் அவர் மகன் ஜெஃப் ஹண்டர். தகப்பனார் விட்டுச் சென்ற தோப்பை மகன் பார்த்துக்கொள்வதுபோல் தொகுதி கைமாறியது. இங்கேதான் பைப்பர் 2004-இல் மேயரானார். 2007-இல் சட்டமன்றத் தேர்தலில் நின்று, மயிரிழை வித்தியாசத்தில் வென்றார். ஐம்பத்தேழு ஆண்டுக் கோட்டை வீழ்ந்தது.

கொடியில்லாதவரை மக்கள் எதைக் கொண்டு நம்பினர்? குப்பை எடுப்பதையும், சாக்கடை ஓடுவதையும், தெரு செப்பனிடுவதையும் கண்டு நம்பினர் என்போம். நகராட்சித் தலைவனின் பணி வாசற்படிக்கு வருவது. அதில் பொய் சொன்னால் மழை பெய்த மறுநாளே வெளியாகிவிடும். மேடைப் பேச்சுக்கு அத்தகைய சோதனை இல்லை.

வாக்கு வீணாகும் என்போர்க்கு அம்மாநிலத் தேர்தல் முறையே விடையளிக்கின்றது. அங்கே வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என விருப்ப வரிசை இடலாம். முதல் விருப்பம் பெற்றவர் பின்தங்கி நீக்கப்பட்டால், அச்சீட்டு அடுத்த விருப்பத்தவர்க்குச் செல்லும். ஆகவே சுயேச்சையை முதலில் குறித்து, கட்சியை இரண்டாவதாகக் குறிப்பதால் யாதொரு நட்டமுமில்லை. முறை வாய்த்த இடத்தில் பெருங்காயம் கரைவதில்லை.

2012-இல் ஒரு சோதனை வந்தது. ஒருவரே சட்டமன்ற உறுப்பினராகவும் நகரமன்றத்தினராகவும் இருத்தலாகாது என அன்றைய கூட்டணி அரசு சட்டமியற்றியது. சிட்னி மேயரும் சுயேச்சை உறுப்பினருமான குளோவர் மூர் அம்மையாரைக் குறிவைத்ததே இது என்று எதிர்த்தோர் முழங்கினர். குறி பிழையாயிருக்கலாம், கொள்கை பிழையன்று என்பது நம் துணிபு. இரண்டு அமானிதங்களை ஒரே தோளில் சுமப்பவன் ஒன்றைச் சாய்த்தே தீருவான். (பள்ளிவாசல், மதரஸா, சங்கம் ஆகிய மூன்றின் சாவிகளையும் ஒரே இடுப்பில் செருகியிருக்கும் நம்மவர் இவ்வரியை இருமுறை படிப்பாராக.) மூர் அம்மையார் மேயர் பதவியைக் கொண்டு சட்டமன்றத்தை விட்டார். பைப்பர் சட்டமன்றத்தைக் கொண்டு மேயர் பதவியை விட்டார்.

எதிர்வழக்கு ஒன்றை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆர்மிடேல் நகர மேயராயிருந்த ரிச்சர்ட் டோர்பே 1999-இல் சுயேச்சையாக அதே சட்டமன்றம் புகுந்தார். பெருவாரியான வாக்குகளால் மீண்டும் மீண்டும் வென்றார். 2007 முதல் 2011 வரை சபாநாயகராயிருந்தார். ஆயினும் 2012-இல் தேசியக் கட்சியைச் சேர்ந்து, மத்திய நாடாளுமன்றத்துக்கு அதன் வேட்பாளராகத் தெரிவானார். 2013 மார்ச்சில் அவ்வேட்புரிமையும் போயிற்று. சட்டமன்றப் பதவியையும் துறந்தார். அதன் காரணங்கள் நம் பேச்சுக்கு வேண்டாதவை. கட்சியிற் சேர்ந்ததே நம் வழக்கு.

நிக்காஹ் மஜ்லிஸில் வகீலைக் கண்டிராத குடும்பம் நம்மில் இல்லை. மணப்பெண் தன் சம்மதத்தை அவரிடம் ஒப்படைக்கிறாள். அவ்வுரிமையை அவர் அவளைக் கேளாமல் வேறொருவரிடம் தூக்கிக் கொடுத்தால் சபை ஒப்புமா? வகீல் தம் வகாலத்தை, ஒப்படைத்தவரின் அனுமதியின்றி மற்றொருவருக்கு மாற்றலாகாது என்பது ஃபிக்ஹு நூல்கள் அறிந்த சட்டம். கொடியில்லாதவர் என்பதற்காக வாக்களித்தவர்களைக் கேளாமல், பதவிக்காலத்தின் நடுவே கொடியேந்துவதும் இத்தகையதே. அதற்கு முன்னர் பதவி விலகி, மக்களிடம் மீண்டும் சென்றிருக்க வேண்டும்.

பைப்பர் 2011, 2015, 2019, 2023 ஆகிய தேர்தல்கள் யாவற்றிலும் சுயேச்சையாகவே நின்றார், வென்றார். 2023-இல் 93 இடங்களில் தொழிற்கட்சி 45-ஐயே பெற்றது. பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு. பைப்பர் உள்ளிட்ட சுயேச்சையர் மூவர், நிதி மசோதாவிலும் நம்பிக்கை வாக்கிலும் அரசுக்குத் துணைநிற்க இசைந்தனர். அவ்வாண்டு மே மாதம் பைப்பர் சபாநாயகரானார். "பார்த்தீர்களா, விலை!" என்று கூவுவோர் உண்டு. விலை ஊரறியப் பேசப்படுவதில்லை. இசைவோ ஊரறிய அளிக்கப்பட்டது. அவர் எக்கட்சியிலும் சேரவுமில்லை.

எனினும் ஓரிடத்தில் நம் மனமும் இடறுகின்றது. சபாநாயகர் இருபுறமும் வாக்குச் சமமானாலன்றி வாக்களிக்க இயலாது. ஏரிக்கரை மக்கள் தம் வகீலை அனுப்பியது வாய் திறப்பதற்கு. உயர்ந்த ஆசனம் அவ்வாயைக் கட்டிப்போட்டதற்கு அவர்களிடம் அனுமதி பெற்றாரா? அவரைக் கேட்கவேண்டிய கேள்வி இதுவே; கொடி எங்கே என்பதன்று.