பொதுத்தாள்களில் கை வைக்கும் முன்

பட்டப்படிப்பைச் சீக்கிரம் முடிக்க வழி வேண்டும் என்ற கோரிக்கை நம் பாடத்திட்டக் குழுக்களில் வலுத்து வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2024 நவம்பரில் அதற்கு ஒரு வழியைத் திறந்தது. கூடுதல் தாள்களைச் சுமக்கத் தயாராக இருக்கும் மாணவர் மூன்றாண்டுப் படிப்பை ஐந்து செமஸ்டரில் முடிக்கலாம். நான்காண்டுப் படிப்பை ஆறு அல்லது ஏழு செமஸ்டரில் முடிக்கலாம். மொத்தக் கிரெடிட் குறையாது. காலம் சுருங்கும், படிப்பு அப்படியே இருக்கும்.

இப்போது எழும் யோசனை வேறு. முதன்மைப் பாடம் இருக்கட்டும், மொழித்தாள்களையும் பாடத்திட்டத்தின் பகுதி நான்கில் உள்ள சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி போன்றவற்றையும், அதாவது பொதுத்தாள்களை, குறைத்து ஒரு செமஸ்டரை மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்கள். இந்த யோசனையை நாம் ஏற்கக் கூடாது.

அவசரத்தின் நியாயம் நமக்குத் தெரியும். செம்பரம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை உள்ள நம் வகுப்புகளில் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஏராளம். இரவு ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வருபவர்களும் உண்டு. ஆறு மாதம் முன்னதாகப் பட்டம் கிடைத்தால் ஆறு மாதச் சம்பளம் வீட்டுக்குப் போகும். ஆனால் இந்த மாணவர்களின் காலம் தமிழ்த்தாளிலா வீணாகிறது? தேங்கும் அரியர்களிலும், தாமதமாகும் தேர்வு முடிவுகளிலும், சான்றிதழுக்கான காத்திருப்பிலும்தான் வீணாகிறது. முதலில் சரிசெய்ய வேண்டியவை அவையே.

நம் கல்லூரிகளைச் சூழ்ந்த தொழில் வழித்தடத்தின் வரலாறும் ஒரு பாடம் சொல்கிறது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரே பொருளை நம்பிப் பழகிய ஆயிரக்கணக்கான கைகள் வேறு வேலை தேடின. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் சான்ட்ரோவுடன் தொடங்கிய ஹூண்டாய் இன்று மின்சாரக் கார் செய்கிறது. ஒரு மாணவரின் உழைப்புக் காலத்துக்குள் தொழில்நுட்பம் பலமுறை மாறிவிடும். புதியதைப் படித்துப் புரிந்துகொள்ளவும், தன் தரப்பைத் தெளிவாக எழுதிச் சொல்லவும் தெரிந்தவரே அப்போது தாக்குப்பிடிப்பார். அந்தத் திறன்களுக்கென்று நம் பாடத்திட்டத்தில் இருக்கும் இடம் பொதுத்தாள்கள்தான்.

2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தத்தின் மையக் கேள்வி, சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பது. அப்போது நடப்பில் இருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் அன்றாடப் பேச்சான ஊர் இது. மனிதவளப் பிரிவில் உட்காரப்போகும் வணிகவியல் மாணவரும், உற்பத்தித் தளத்தில் நிற்கப்போகும் இயற்பியல் மாணவரும் இத்தகைய சட்டங்களைக் கல்லூரியிலேயே, பொதுத்தாள்களில் படித்திருக்க வேண்டும்.

குறை நம்மிடமும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டு உத்தரவில் வேர்கொண்டு கட்டாயமான சுற்றுச்சூழல் தாளை, கையேட்டைப் பார்த்து ஒரே இரவில் படித்துத் தேறும் தாளாக்கிவிட்டோம். நம் கல்லூரிகளுக்கு அருகிலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது: முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அந்த நீர்த்திறப்பைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கடுமையாக விமர்சித்தது. அரசுத் தரப்பு மறுத்தது. ஏரியின் நீர்மட்டப் பதிவையும் இந்த இரு தரப்பு வாதங்களையும் மாணவர் கையில் கொடுத்து, எது சரி என்று நான்கு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சூழலியல், கணக்கு, நிர்வாகம், மொழி எல்லாம் அந்த நான்கு பக்கத்தில் வந்துவிடும்.

அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற மூன்றாண்டுப் பட்டங்களையும் பாருங்கள். வழக்கமான 120 கிரெடிட்டை 90-க்குச் சற்று மேல் என்று குறைத்த பிரிகாம் யங் பல்கலைக்கழகம்-ஐடஹோகூட விருப்பப்பாடங்களைத்தான் எடுத்தது, பொதுக்கல்வியைத் தொடவில்லை.

ஆகவே பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். பொதுத்தாள்களின் கிரெடிட்டைக் குறைக்கும் தீர்மானத்துக்குக் கையெழுத்திடாதீர்கள். ஆலையில் வேலை செய்துகொண்டே படிப்பவரின் அனுபவத்தை உரிய மதிப்பீட்டுக்குப் பின் திறன் தாள்களுக்கு ஈடாக ஏற்க விதி எழுதுங்கள். காலம் அங்கே மிச்சமாகும். ஒவ்வொரு பொதுத்தாளிலும் ஓர் அலகையாவது இந்த வட்டாரத்தின் ஏரி, ஆலை, உழைப்பு ஆகியவற்றிலிருந்து அமையுங்கள். பட்டம் விரைவாகக் கிடைப்பது மாணவரின் உரிமை. அது முழுமையான பட்டமாக இருப்பது நம் பொறுப்பு.